சம்பளமா, மணிக்கணக்கா: அமெரிக்காவில் ஓவர்டைம் யாருக்கு?

சம்பள வேலையில் சேர்ந்துவிட்டால் ஓவர்டைம் கிடையாது என்று அமெரிக்காவில் பலரும் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1938-ல் வந்த கூட்டாட்சித் தொழிலாளர் சட்டப்படி, வாரம் 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு தர வேண்டும். ஓவர்டைம் தரத் தேவையில்லை என்று சட்டமே சொல்லும் 'விலக்கு'க்குள் வருபவருக்கு மட்டும்தான் இல்லை.

மணிக்கணக்கு ஆளுக்கு விஷயம் எளிது. மேலதிகாரி சொல்லாமலே கூடுதலாகச் செய்தாலும், நிர்வாகத்துக்குத் தெரிந்து நடந்திருந்தால் பணம் தந்தாக வேண்டும்.

சம்பளக்காரருக்குத்தான் சிக்கல். பெரும்பாலான அலுவலக வேலைகளில் விலக்கு செல்ல மூன்று பொருந்த வேண்டும்: வேலை குறைந்த வாரத்திலும் சம்பளம் குறையக்கூடாது, அது வாரம் 684 டாலராவது இருக்க வேண்டும், செய்யும் வேலையும் ஆட்களை நிர்வகிப்பது போன்ற, விலக்குக்குரிய வேலையாக இருக்க வேண்டும். 2024-ல் அந்த வரம்பை உயர்த்தினார்கள். அந்த உயர்வை நவம்பரிலேயே டெக்சாஸில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் வரம்பு இதைவிட அதிகம், கலிஃபோர்னியாவில் ஒரு நாளில் 8 மணி தாண்டினாலே ஓவர்டைம்.

மூன்றாவது நிபந்தனையில்தான் ஏமாற்று நடக்கிறது. 'உதவி மேனேஜர்' என்று பட்டம் கொடுத்துவிட்டு, நாள் முழுக்கப் பெட்டி இறக்கவும் கல்லாவில் நிற்கவும் விடுவார்கள். ஆள் எடுப்பதில் அவர் சொல்லுக்கு மதிப்பில்லை, அவருக்குக் கீழே யாரும் இல்லை என்றால் பட்டம் எடுபடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் 55 மணி நேர வேலை. ஒருவருக்கு 800 டாலர் சம்பளம், விலக்கு உண்டு. மணிக்கு சுமார் 14.55 டாலர்தான் விழுகிறது. இன்னொருவருக்கு மணிக்கு 18 டாலர்: 40 மணிக்கு 720, மீதி 15 மணிக்கு 27 வீதம் 405, ஆக 1,125. அதே 800 டாலர் ஆளுக்கு விலக்கு பொருந்தாது, அந்தச் சம்பளமும் 40 மணிக்கானது என்றால் அவருக்கு 1,250 வர வேண்டும்!

சம்பளம் பெரிதாக இருந்தாலும் உரிமை போய்விடாது. நாள்கூலி அடிப்படையில் ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் வாங்கிய எண்ணெய்த் துரப்பணத் தள ஊழியருக்கும், முதல் நிபந்தனை பொருந்தாததால், ஓவர்டைம் உண்டு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வேலை அடிக்கடி 30 மணிக்குச் சுருங்கும் இடமென்றால் சம்பளமே நல்லது. 50, 55 என்று இழுக்கும் இடமென்றால் மணிக்கணக்கைத்தான் எடுக்கச் சொல்வேன். ஏற்கெனவே சம்பளத்தில் மாட்டியிருந்தால், வந்த நேரம், போன நேரத்தைத் தினமும் சொந்தமாகக் குறித்து வையுங்கள். கூட்டாட்சிச் சட்டப்படி பாக்கி கேட்க பொதுவாக இரண்டு வருடம்தான் அவகாசம். நிர்வாகம் தெரிந்தே செய்திருந்தால் மூன்று.