300 குதிரைத்திறன் அவுட்போர்டு: என்ஜின்களை எடைபோட்டுப் பார்த்ததில் தெரிந்தவை

என்னுடையது ஏழு மீட்டர் நீளமுள்ள, ஆழமான வி வடிவ அடிப்பாகம் கொண்ட ஃபைபர் படகு. அதில் முன்பு பூட்டியிருந்த 200 குதிரைத்திறன் அவுட்போர்டு என்ஜின் (படகின் பின்முனைப் பலகைக்கு வெளியே தொங்கும் வகை), இரண்டு பேர் போகும் நாட்களில் எந்தக் குறையும் வைத்ததில்லை. ஆறு பேர், நிரம்பிய டேங்க், ஐஸ் பெட்டிகள் என்று சுமை ஏறிவிட்டால் நிலைமை வேறு. த்ராட்டிலைக் கடைசி வரை தள்ளினாலும் அணியம், அதாவது படகின் முன்முனை, வானத்தைப் பார்த்தபடியே நிற்கும். படகு மேலெழுந்து சறுக்காமல் தண்ணீரை உழுதுகொண்டே போகும். மீட்டர் முள் நிமிடத்துக்கு 4,800 சுற்றைத் தாண்டாது. அந்த என்ஜின் முழு த்ராட்டிலில் 5,000 முதல் 6,000 சுற்று வரை ஓட வேண்டும் என்பது தயாரிப்பாளர் வகுத்த எல்லை. அதற்குக் கீழே திணறவிட்டால், மேட்டில் டாப் கியரில் லாரியை ஏற்றுவதைப் போல, எரிகலனில் வெப்பமும் அழுத்தமும் கூடி பிஸ்டன்கள் அடிவாங்கும்.

புது என்ஜின் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்துபார்த்தேன். பிட்ச் (ஒரு சுழற்சியில் புரொப்பெல்லர் கணக்குப்படி முன்னேற வேண்டிய தூரம்) இரண்டு அங்குலம் குறைந்த புரொப்பெல்லரை மாட்டியதும் சுற்று 5,200 வரை ஏறியது. பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் 150 முதல் 200 சுற்று கூடும் என்ற பொதுக் கணக்குக்கு அது பொருந்தியது. ஆனால் அதே வேகத்தில் போக என்ஜின் முன்பைவிட அதிகமாகச் சுழல வேண்டியிருந்தது; சத்தமும் பெட்ரோல் செலவும் கூடவே ஏறின. புரொப்பெல்லரால் தீர்க்கக்கூடிய குறை அத்துடன் முடிந்தது என்றும், மிச்சம் என்ஜினின் திறன் பற்றாமைதான் என்றும் அப்போது உறுதியாயிற்று.

படகைக் கட்டிய நிறுவனம் பொறித்த தகட்டில் எனக்கு அனுமதிக்கப்பட்ட உச்சத் திறன் 350 குதிரைத்திறன். அந்த எண்ணைத் தாண்டலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், கூடாது. பின்பலகையின் உறுதி, மிதப்பு, வேகத்தில் திரும்பும்போது படகு நிலைகுலையாமல் இருப்பது எல்லாவற்றையும் வைத்துக் கணக்கிட்ட வரம்பு அது. அதற்குள் நான்கு என்ஜின்களைப் பார்த்தேன்: யமஹா எஃப்300, மெர்குரியின் 300 குதிரைத்திறன் வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்) வெராடோ, சுசூகி டிஎஃப்350ஏ, 2023-இல் அறிமுகமான ஹோண்டா பிஎஃப்350. நேரடி எரிபொருள் பீச்சும் இருவீச்சு என்ஜின்களால் பெயர்பெற்ற எவின்ரூட் 2020-இல் அவுட்போர்டு தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஆகவே பழைய எவின்ரூட் குறைந்த விலைக்குக் கிடைத்தாலும், இனி வரும் ஆண்டுகளில் உதிரிப்பாகம் எங்கிருந்து வரும் என்று கேட்டுக்கொண்டே வாங்க வேண்டும்.

என்ஜின் மூடிமேல் ஒட்டியிருக்கும் 300 என்ற எண் எல்லாக் கேள்விக்கும் விடையாகிவிடாது. அது புரொப்பெல்லர் தண்டில், உச்சச் சுழற்சியில் கிடைக்கும் திறன். நாம் நாளெல்லாம் ஓட்டுவது 3,500 முதல் 4,500 சுற்றுக்குள். அந்த இடத்தில் என்ஜின் எவ்வளவு எளிதாக இழுக்கிறது என்பதே நமக்கு வேண்டியது. 2004-இல் வந்த முதல் வெராடோ, 2.6 லிட்டர் ஆறு சிலிண்டருக்குள் சூப்பர்சார்ஜர் மூலம் காற்றைத் திணித்துப் பெரும் திறனை எடுத்தது. அதே மெர்குரி 2018-இல் கொண்டுவந்த வி8, சூப்பர்சார்ஜர் ஏதுமின்றி 4.6 லிட்டர் கொள்ளளவால் 300 குதிரைத்திறனைத் தருகிறது. யமஹா எஃப்300 வி6 ஆனாலும் 4.2 லிட்டர், சிலிண்டருக்குள் உருக்குக் குழல் செருகாமல், சுவரிலேயே பிளாஸ்மா முறையில் உலோகப் படலம் ஏற்றியதால் எடையைக் கூட்டாமல் துளையை அகலப்படுத்த முடிந்திருக்கிறது. சுசூகி டிஎஃப்350ஏ 4.4 லிட்டர் வி6. ஹோண்டா கிட்டத்தட்ட 5 லிட்டர் வி8. பெரிய கொள்ளளவுள்ள என்ஜின் பாதி த்ராட்டிலில் மூச்சுவாங்குவதில்லை என்பதே என் அனுபவம். கூடுதல் விலைக்கான நியாயம் அதில்தான் இருக்கிறது.

இனி எடை. நான் முடிவெடுத்தது இதை வைத்துத்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 25 அங்குலத் தண்டுள்ள (நீருக்குள் இறங்கும் கால்பகுதியின் அளவு) யமஹா எஃப்300 சுமார் 255 கிலோ. வெராடோ வி8 சுமார் 272 கிலோ. சுசூகி டிஎஃப்350ஏ 330 கிலோ. ஹோண்டா பிஎஃப்350-உம் அந்த வகுப்புதான். என் பழைய என்ஜின் 220 கிலோ. சுசூகியை மாட்டினால் பின்புறத்தில் 110 கிலோ கூடும் என்பதைக் காகிதத்தில் படிக்கும்போது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. எனவே 20 லிட்டர் கேன்கள் ஐந்தையும் 10 லிட்டர் கேன் ஒன்றையும் தண்ணீர் நிரப்பிப் பின்பலகையை ஒட்டி வரிசையாக வைத்துக் கட்டி, படகைக் கட்டுத்துறையிலேயே மிதக்கவிட்டுப் பார்த்தேன். தளத்தில் விழும் நீர் தானாக வெளியேறுவதற்கான வடிதுளைகள் வழக்கமாக நீர்மட்டத்துக்கு இரண்டு விரல்கடை மேலே இருக்கும். கேன்கள் ஏறியதும் அவை நீர்மட்டத்தைத் தொட்டன. பின்புறத்தில் இரண்டு பேர் வந்து நின்றதும் துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து என் கால்விரல்களை நனைத்தது. படகு அசையாமல் நிற்கும்போதே இப்படியென்றால், பின்னாலிருந்து அலை துரத்தும்போது என்ன ஆகும் என்பதை யோசிக்கவே தேவையில்லை. உண்மையில் என்ஜின் பின்பலகைக்கு வெளியே தொங்குவதால், உள்ளே வைத்த கேன்களைவிட அதன் அழுத்தம் இன்னும் சற்று அதிகமாகவே இருக்கும். அடுத்து 35 கிலோவும், பிறகு 50 கிலோவும் வைத்துப் பார்த்தபோது வடிதுளைகள் தண்ணீருக்கு மேலேயே நின்றன. என்ஜின் மாற்ற நினைக்கும் ஒவ்வொருவரும், பணம் கட்டுவதற்கு முன், இந்த ஒரு மணி நேரச் சோதனையைச் செய்துபார்க்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

எடை காரணமாக நான் விலக்கிய சுசூகியை, கனமான பெரிய படகு வைத்திருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். 2017-இல் வந்த இந்த என்ஜினில் ஒரே அச்சில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பெல்லர்கள், ஒவ்வொன்றிலும் மூன்று இதழ்கள். ஒற்றைப் புரொப்பெல்லர் சுழலும்போது படகை ஒரு பக்கமாக இழுக்கும் விசை இதில் பெரும்பாலும் சமனாகிவிடுகிறது. ஸ்டியரிங்கைவிட்டுக் கையை எடுத்தாலும் படகு நேர்கோட்டில் போவதைப் பார்த்தேன். பின்னோக்கி ஓட்டும்போது தண்ணீரைப் பற்றும் பிடி அபாரம். கியர் விகிதம் 2.29:1 (என்ஜின் 2.29 முறை சுழன்றால் புரொப்பெல்லர் ஒரு முறை) என்பதால் புரொப்பெல்லர்கள் மெதுவாகவும் வலுவாகவும் சுழல்கின்றன. யமஹாவில் இது 1.75:1. டிஎஃப்350ஏ-யின் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் எத்தனை மடங்கு அமுக்கப்படுகின்றன என்பது) 12:1. அதற்கேற்ற உயர் ஆக்டேன் பெட்ரோல் உங்கள் துறையில் தடையின்றிக் கிடைக்குமா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கிடைக்காதென்றால் அமுக்க விகிதத்தைக் குறைத்துச் சாதாரணப் பெட்ரோலுக்காகவே அமைத்த டிஎஃப்325ஏ இருக்கிறது.

மிஞ்சியவை யமஹாவும் மெர்குரியும். ஓட்டிப்பார்த்த அரைநாளில் அதிர்வு குறைவாகத் தெரிந்தது வெராடோவில்தான். மூடியைக் கழற்றாமலேயே மேலே ஒரு சிறு கதவைத் திறந்து எண்ணெய் பார்க்கும் வசதியும், 115 ஆம்பியர் ஆல்டர்னேட்டரும் அதன் பலம். ரேடார், பெரிய திரை, குளிர்பெட்டி என்று மின்சாதனங்களை நிறைத்து வைத்திருப்பவர்களுக்கு யமஹாவின் 70 ஆம்பியரைவிட அதுவே தோதானது. நான் யமஹாவை எடுத்ததற்கு 17 கிலோ எடைக் குறைவு ஒரு காரணம். அந்த என்ஜினைப் பிரித்துக் கோத்த பயிற்சியுள்ள மெக்கானிக் ஒருவர் எட்டும் தூரத்தில் இருக்கிறார் என்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தை யாரும் சிறிதாக எண்ண வேண்டாம். இன்றைய பெரிய என்ஜின்களின் கோளாறைக் கண்டுபிடிக்க அந்தந்த நிறுவனத்தின் கணினி மென்பொருள் வேண்டும். சுத்தியலும் ஸ்பானரும் மட்டும் வைத்திருப்பவரால் ஆகாது.

என்ஜினைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால் பாதிப் பயனும் கிடைக்காது. தொங்கவிடும் உயரம் அவ்வளவு முக்கியம். பின்பலகை 25 அங்குலம் என்றால் தண்டும் 25 அங்குலமாக இருக்க வேண்டும் என்பது அரிச்சுவடி. அதன்பின் தாங்கியிலுள்ள துளைகள் முக்கால் அங்குல இடைவெளியில் இருக்கும். என் பழைய என்ஜினை முதலில் பூட்டிய பட்டறைக்காரர் அதைக் கடைசி வரை இறக்கி மாட்டிவிட்டார். புரொப்பெல்லருக்கு மேலே நீண்டிருக்கும் காற்றுத்தடுப்புத் தட்டு நீரில் ஆழமாக மூழ்கி, படகை ஒரு நங்கூரம் போலப் பிடித்துக்கொண்டது. இரண்டு வருடம் கழித்துத்தான் அது எனக்குப் புரிந்தது. இந்த முறை இரண்டாவது துளையில் தொடங்கி, ஓட்டிப்பார்த்து, ஒரு துளை உயர்த்தி, மீண்டும் ஓட்டினேன். படகு சறுக்கும்போது பின்னால் எட்டிப் பார்த்தால் அந்தத் தட்டின் மேல் மெல்லிய நீர்ப்படலம் வழிந்தோட வேண்டும். அதற்கும் மேலே உயர்த்தினால் கூர்மையான திருப்பத்தில் காற்றை உறிஞ்சி, புரொப்பெல்லர் பிடி நழுவி, என்ஜின் திடீரென்று அலறும். அந்த அலறல் கேட்டதும் ஒரு துளை இறக்கிவிட்டேன்.

புரொப்பெல்லரையும் இப்படித்தான் தேட வேண்டும். 19 அங்குலப் பிட்ச் சுமையோடு 5,400 சுற்றில் நின்றுவிட்டது. 17 அங்குலம் 5,800-ஐத் தொட்டது. அந்தச் சுற்றில் வழுக்கலே (புரொப்பெல்லர் நீரில் நழுவி இழக்கும் தூரம்) இல்லாவிட்டால் 46 நாட், அதாவது மணிக்கு 46 கடல் மைல், வேகம் வர வேண்டும். ஜிபிஎஸ் காட்டியது 40 நாட். ஏறக்குறைய 14 சதவீத வழுக்கல் இந்த மாதிரிப் படகுக்கு நல்ல கணக்கே. வெறும் படகாக ஓட்டி அளந்துவிட்டுப் பிட்ச்சை முடிவு செய்யாதீர்கள். நீங்கள் வழக்கமாக ஏற்றும் ஆட்களையும் சாமானையும் ஏற்றிக்கொண்டுதான் அளக்க வேண்டும்.

இப்போது 150 மணி நேரம் ஓட்டியாகிவிட்டது. ஆறு பேரோடு நான்கைந்து நொடியில் அணியம் தாழ்ந்து, முன்னே தொடுவானம் தெரிகிறது. 4,000 சுற்றில் 27 நாட் வேகத்துக்கு மணிக்குச் சுமார் 50 லிட்டர். முழு த்ராட்டிலில் 40 நாட் வேகத்துக்குச் சுமார் 100 லிட்டர். கடல் மைலுக்குக் கணக்கிட்டால் முன்னதில் இரண்டு லிட்டருக்கும் குறைவு, பின்னதில் இரண்டரை லிட்டர். பழைய 200 குதிரைத்திறன் என்ஜின் இதே சுமையோடு 22 நாட்டில் கடல் மைலுக்கு இரண்டே கால் லிட்டருக்கு மேல் குடித்தது. பெரிய என்ஜின் என்றாலே அதிகப் பெட்ரோல் என்ற எண்ணம் சுமை ஏற்றும் படகுக்குப் பொருந்தாது.

ஆனால் எல்லாப் படகுக்கும் பெரிய என்ஜின் ஒத்துவராது. நீரைப் பிளந்து மெதுவாகப் போகும் உருண்டை அடிப்படகுகளின் வேகத்துக்கு நீர்மட்ட நீளமே எல்லை வகுத்துவிடும். அவற்றில் 300 குதிரைத்திறனைத் தொங்கவிடுவது பின்புறத்தை அமுக்கத்தான் உதவும். கரையிலிருந்து வெகுதூரம் போகிறவர்கள் ஒற்றை 300-க்குப் பதிலாக 150 இரண்டை வைப்பது சரியான முடிவு. எடை 400 கிலோவைத் தாண்டும், பராமரிப்பு இரட்டிப்பாகும். ஒன்று நின்றுபோனால் மற்றொன்றால் படகைச் சறுக்கவைக்க முடியாமல் போகலாம். ஆனாலும் மெதுவாக வீடு வந்து சேரலாம். இரண்டுக்கும் தனித்தனி டேங்கும் வடிகட்டியும் வைத்தால்தான் அந்தப் பாதுகாப்பு உண்மையானது. ஒரே டேங்கில் தண்ணீர் கலந்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். 2021-இல் மெர்குரி கொண்டுவந்த 600 குதிரைத்திறன் வி12, ஒன்றே 570 கிலோவுக்கு மேல். அது முற்றிலும் வேறு அளவிலான படகுகளுக்கானது.

பராமரிப்பில் நான் தவறாமல் செய்வது: முதல் 20 மணி நேரத்தில் எண்ணெய் மாற்றினேன், அதன்பின் ஒவ்வொரு 100 மணிக்கும். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் நன்னீர் விட்டு அலசி, உப்பு போக ஓடவிடுகிறேன். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்ததும் என்ஜினிலிருந்து வெளியே பீச்சும் குளிர்நீர்த் தாரையில் விரலை நீட்டிப் பார்க்கிறேன். தாரை மெலிந்திருந்தாலோ கை பொறுக்காத சூடாக இருந்தாலோ, நீரேற்றியின் இம்பெல்லரை (நீரைத் தள்ளும் சிறு சக்கரம்) பார்க்காமல் கிளம்புவதில்லை. 40 நாட் வேகத்தில் ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து அவர்மேலேயே வந்து ஏறும். அதனால் என்ஜினை நிறுத்தும் அவசரக் கயிற்றை என் காலில் மாட்டிக்கொண்ட பிறகே கியரைத் தொடுகிறேன்; படகில் வேறு யார் ஓட்டக் கேட்டாலும் முதலில் அவர் காலில் அந்தக் கயிற்றை நானே மாட்டிவிடுகிறேன்.