ஆம்புலன்ஸா, தீயணைப்பு வண்டியா? அமெரிக்க நகரங்களில் பாராமெடிக் ஆகும் வழிகள்

அக்கா மகன் போன மாதம் கூப்பிட்டான். கல்லூரி முடித்து ஒரு வருடம் ஆகிறது, ஆபீஸ் வேலை ஒட்டவில்லை. "மாமா, இ.எம்.டி. முடிச்சுட்டு பாராமெடிக் படிக்கட்டுமா, இல்ல நேரா ஃபயர் டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதட்டுமா?" இ.எம்.டி. என்பது அவசர மருத்துவத்தின் அடிப்படைப் படி; பாராமெடிக் அதற்கு மேல்படி.

"எந்த ஊர்ல?" என்றேன்.

"ஊர் எதுவா இருந்தா என்ன மாமா? வேலை ஒண்ணுதானே."

அங்கேதான் பையன் தடுக்கி விழுகிறான். அவன் மட்டுமல்ல, இந்த வேலைக்கு வர நினைக்கும் பாதிப் பேர் அங்கேதான் விழுகிறார்கள். பாராமெடிக் என்ற பெயர் நாடு முழுக்க ஒன்றுதான். ஆனால் காலையில் எந்த வாசலில் போய் நிற்கிறோம், எந்த வண்டியில் ஏறுகிறோம், யார் சம்பளம் தருகிறார்கள் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். நான் தனியார் ஆம்புலன்சில் மூன்று வருடம் இ.எம்.டி.யாகவும், பிறகு ஒரு நகரத்தின் சொந்த ஆம்புலன்ஸ் சேவையில் பாராமெடிக்காகவும் இருந்தவன். தீயணைப்புப் பக்கம் போனதில்லை. இந்த ஒருபக்கச் சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஊர் தீர்மானிக்கிற விஷயம்

நியூயார்க்கில் 1996இல் நகர ஆம்புலன்ஸ் சேவையைத் தீயணைப்புத் துறையோடு சேர்த்தார்கள். சேர்த்த பிறகும் உள்ளே இரண்டு தனி உலகங்கள்தான். ஆம்புலன்சில் இருப்பவருக்கு வேறு பதவி, வேறு சம்பளப் படி. தீயணைப்பு வீரருக்கு வேறு. அங்கே இ.எம்.டி.யாகச் சேர்ந்து, உள்ளிருந்தே பதவி உயர்வுத் தேர்வு எழுதித் தீயணைப்பு வீரராகப் போகிறவர்கள் நிறைய. போதாததற்கு மருத்துவமனைகளின் ஆம்புலன்ஸ்களும் 911 என்ற அவசர எண்ணுக்கு வரும் அழைப்புகளுக்கு ஓடுகின்றன.

பாஸ்டனில் ஆம்புலன்ஸ், நகரத்தின் பொதுச் சுகாதார ஆணையத்தின் கீழ். தீயணைப்புத் துறை தனி. பிட்ஸ்பர்கிலும் அவசர மருத்துவத்துக்கு நகரமே தனிப் பிரிவு வைத்திருக்கிறது. இந்த அமைப்பைத் தொழிலில் 'தேர்ட் சர்வீஸ்' என்பார்கள். போலீஸ், தீயணைப்பு, அதற்கடுத்து மூன்றாவதாக இது.

சியாட்டில் நேர் எதிர். அங்கே 'மெடிக் ஒன்' 1970இல் தீயணைப்பு நிலையத்தில் பிறந்தது. இதய மருத்துவர் லெனார்ட் காப், தீயணைப்புத் தலைவர் கார்டன் விக்கரி இருவரும் சேர்ந்து தொடங்கியது. இன்றும் அந்தத் துறையில் பாராமெடிக் ஆக வேண்டுமானால் முதலில் தீயணைப்பு வீரராகச் சில வருடம் ஓட வேண்டும். அதன் பிறகுதான் ஹார்பர்வியூ மருத்துவமனையில் பயிற்சி. லாஸ் ஏஞ்சலிஸில் தீயணைப்புத் துறையே ஆம்புலன்ஸை ஓட்டுகிறது. ஒரே ஆள் தீயணைப்பு வீரராகவும் பாராமெடிக்காகவும் இருப்பது அங்கே சர்வசாதாரணம்.

ஆக, சியாட்டிலில் தீயணைப்பில் சேர நினைக்கும் ஒருவர் சொந்தக் காசைப் போட்டு முதலில் பாராமெடிக் படித்து வைப்பதும், பாஸ்டனில் ஆம்புலன்சில் போக ஆசைப்படும் ஒருவர் தீயணைப்புத் தேர்வு எழுதக் காத்திருப்பதும், மதுரைக்குப் போக வேண்டியவர் திருப்பதி வண்டியில் ஏறி உட்கார்ந்த கதை.

படிப்பு

இ.எம்.டி. பயிற்சி 150 முதல் 200 மணி நேரம் வரை. கம்யூனிட்டி காலேஜில் ஒரு செமஸ்டர். மாலை வகுப்பாகவும் கிடைக்கும். நின்ற இதயத்துக்கு நெஞ்சை அழுத்துவது, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவி, ஆக்சிஜன், ரத்தப்போக்கை நிறுத்துவது, எலும்பு முறிவுக்குக் கட்டை வைத்துக் கட்டுவது, போதை மருந்து அளவு மீறியவருக்கு நாலாக்சோன் என்ற மாற்று மருந்து கொடுப்பது என்று கைவேலை அதிகம். ஊசி குத்தி ஐ.வி. (நரம்பில் மருந்து ஏற்றும் குழாய்) போடுவது பொதுவாகக் கிடையாது. முடித்த பிறகு பெரும்பாலான மாநிலங்களில் நேஷனல் ரெஜிஸ்ட்ரி என்ற தேசியச் சான்றளிப்பு அமைப்பின் தேர்வு. கணினியில், ஆளுக்குத் தகுந்தபடி 70 கேள்வியிலும் முடியலாம், 120 வரைக்கும் இழுக்கலாம். எழுபதாவது கேள்வியில் திரை அணைந்ததும் வயிறு கலங்கும். ஜெயித்ததால் அணைந்ததா, தோற்றதாலா என்று அப்போது தெரியாது.

பாராமெடிக் படிப்பு வேறு ரகம். 1,200 முதல் 1,800 மணி நேரம், ஒன்றிலிருந்து இரண்டு வருடம். இதயத் துடிப்பின் தாளங்கள், மருந்துகளின் அளவு, ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து நிபுணர் பக்கத்தில் நின்று மூச்சுக்குழாயில் குழல் இறக்கிப் பழகுவது, பிறகு மாதக்கணக்கில் ஆம்புலன்சில் இன்டர்ன்ஷிப். சேரும் கல்லூரிக்கு, மருத்துவத் துணைப் படிப்புகளை அங்கீகரிக்கும் சி.ஏ.ஏ.ஹெச்.இ.பி. அமைப்பின் அங்கீகாரமோ, அதை நோக்கிய முறையான அனுமதிக் கடிதமோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நேஷனல் ரெஜிஸ்ட்ரியின் பாராமெடிக் தேர்வை எழுத விட மாட்டார்கள். பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்ட ஒருவரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன்.

இரண்டுக்கும் நடுவில் அட்வான்ஸ்டு இ.எம்.டி. என்று ஒரு படி உண்டு. கிராமப்புறங்களில் அதற்கு மதிப்பு அதிகம். பெருநகரத்தைக் குறிவைப்பவர் அதைத் தாண்டிப் போவதே மேல்.

மூன்று வாசல்கள்

முதல் வாசல் தனியார் ஆம்புலன்ஸ். வேலை சீக்கிரம் கிடைக்கும், சம்பளம் சீக்கிரம் ஏறாது. பல ஊர்களில் இங்கே அவசர அழைப்பை விட இடமாற்றம்தான் அதிகம்: முதியோர் இல்லத்திலிருந்து மருத்துவமனை, மருத்துவமனையிலிருந்து டயாலிசிஸ். நான் இருந்த கம்பெனியில் அறை கிடையாது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முழுக்க ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நகரத்தில் எங்கே அழைப்பு வரும் என்று கணினி கணித்து நம்மை அந்த முனையில் நிறுத்தும். அதற்கு 'போஸ்டிங்' என்று பெயர். என் முதுகு வலி அங்கே ஆரம்பித்ததுதான்.

ஆனால் நோயாளியைத் தொடக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு நாங்கள் கூட்டிப்போன ஒரு பெரியவர், நான் ரத்த அழுத்தப் பட்டையை அவருடைய இடது கையில் சுற்றப் போனபோது வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "அந்தக் கை வேண்டாம், தம்பி. இங்கே விரலை வை" என்கிற தோரணையில் என் இரண்டு விரல்களைப் பிடித்துத் தன் முழங்கைக்குக் கீழே வைத்தார். தோலுக்கடியில் தேனீ சிக்கிக்கொண்டது போல விர்ரென்று ஓர் அதிர்வு. டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம். அதை அழுத்தினால் அடைத்துக்கொள்ளும். புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததுதான். விரலில் ஏறிய பிறகு மறக்கவே இல்லை.

இரண்டாவது, நகரத்தின் தனி ஆம்புலன்ஸ் சேவை. மருத்துவம் மட்டுமே வேலை என்பதால் அழைப்பின் எண்ணிக்கையும் அனுபவமும் குவியும். இதன் வேர் மருத்துவமனைப் பக்கம். பிட்ஸ்பர்கின் ஹில் டிஸ்ட்ரிக்டில் 1967இல் தொடங்கிய ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவையில், டாக்டர் பீட்டர் சாஃபர் வகுத்த பயிற்சியைப் பெற்றவர்கள் பெரும்பாலும் அந்தப் பகுதியின் கறுப்பின இளைஞர்கள். அதுவரை அந்த ஊரில் நோயாளியைத் தூக்கிப்போனது போலீஸ் வேன். இன்று நாடு முழுக்க நடக்கும் பாராமெடிக் பயிற்சியின் முன்னோடி அவர்கள்தான். 1975இல் நகரம் சொந்தச் சேவையைத் தொடங்கியபோது அவர்களை ஓரங்கட்டியதும் அதே வரலாற்றில் உண்டு.

மூன்றாவது, தீயணைப்பு வீரர்-பாராமெடிக். இதற்குத்தான் கூட்டம். சம்பளத்தைப் பார்த்தால் காரணம் புரியும். தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே கணக்கில் இ.எம்.டி.யின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 41,000 டாலரை ஒட்டி, பாராமெடிக்குக்கு 58,000, தீயணைப்பு வீரருக்கு 60,000க்குச் சற்றுக் கீழே. கடைசி இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஓய்வூதியம், யூனியன், கேப்டன் வரை ஏறும் படிக்கட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பெருநகரங்களில் தொகையும் இதைவிட அதிகம்.

ஓவர்டைமில் மட்டும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் பலருக்கும் இது தெரிய வருகிறது. சாதாரணத் தொழிலாளிக்கு வாரம் 40 மணியைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு. தீயணைக்கும் பொறுப்புள்ள அரசு ஊழியருக்குக் கூட்டாட்சிச் சட்டம் தரும் விதிவிலக்கில் அந்த எல்லை சராசரி 53 மணி. 1999இல் சேர்த்த வரையறைப்படி, தீயணைக்கப் பயிற்சியும் பொறுப்பும் உள்ள பாராமெடிக்கும் இதில் அடக்கம். ஆம்புலன்ஸ் மட்டும் பார்க்கிறவருக்கு 40தான். 24 மணி வேலை, 48 மணி ஓய்வு என்று சுழலும் தீயணைப்பு ஷிஃப்டில் வாரச் சராசரி 56 மணி வரும். ஆகவே ஆண்டுச் சம்பளத்தை மணிக்கணக்கால் வகுத்துப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

உள்ளே போக உடல் தேர்வும் உண்டு. பல துறைகள் வைப்பது 'சி-பேட்'. 10 நிமிடம் 20 விநாடிக்குள் எட்டு வேலைகள், உடம்பில் 50 பவுண்ட் அங்கி. முதல் வேலையே படியேறும் இயந்திரம்: தோளில் இன்னும் 25 பவுண்ட் ஏற்றி, நிமிடத்துக்கு 60 படி வீதம் மூன்று நிமிடம், கைப்பிடியைப் பிடிக்காமல். அதற்குப் பிறகு குழாய் இழுப்பது, ஏணி நிமிர்த்துவது, 165 பவுண்ட் பொம்மையை இழுத்து வருவது. பொம்மையை விடப் படிதான் ஆளைச் சாய்க்கிறது. கால் துவண்ட பிறகு மற்ற ஏழையும் செய்ய வேண்டுமே.

விளம்பரத்தில் வராதது

தீயணைப்பு நிலையத்தில் சேர்ந்தால் தீயோடு போராடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: நாடு முழுக்கத் தீயணைப்புத் துறைகளுக்கு வரும் அழைப்புகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மருத்துவ உதவிக்கு. நெருப்பு நூற்றுக்கு நாலைந்து. இரவு மூன்று மணிக்கு எழுப்புவது பெரும்பாலும் கழிவறையில் வழுக்கி விழுந்த மூதாட்டி. அவரைத் தூக்கி உட்காரவைத்து, சர்க்கரை பார்த்து, "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்று கேட்பதில் உங்களுக்கு எரிச்சல் வருமா வராதா என்பதுதான் கேள்வி.

நிறையத் துறைகள் பாராமெடிக் லைசென்ஸ் உள்ளவரை முதலில் எடுக்கின்றன. அதனால் தீயணைப்புக்குள் நுழைய ஒரு டிக்கெட்டாக அதைப் படிக்கிறவர்கள் ஒரு கூட்டம். இது எனக்குப் பிடிக்காத வழி, ஒளிக்கவில்லை. லைசென்ஸுக்காக எடுத்த ஆட்களையே முதல் சில வருடம் ஆம்புலன்சில் கட்டிப்போடுவார்கள். தீயணைப்பு வண்டியில் ஏற வந்தவர் ராத்திரிக்குப் பத்து நோயாளி பார்த்துக் கசந்துபோவார். அந்தக் கசப்பு போய் விழுவது நோயாளி மேல். லைசென்ஸை விட்டுவிடுகிறேன் என்றாலும் பல இடங்களில் துறை விடாது.

இன்னொரு வாதம் தொழிலுக்குள்ளேயே ஓடுகிறது. எல்லா வண்டியிலும் பாராமெடிக் இருந்தால் நோயாளிக்கு நல்லது என்று தோன்றும். ஆனால் மூச்சுக்குழாயில் குழல் இறக்க வேண்டிய நோயாளிகள் ஓர் ஊரில் வருடத்துக்கு இவ்வளவு பேர்தான். பாராமெடிக் பெருகப் பெருக, ஆளுக்குக் கிடைக்கும் வாய்ப்பு சுருங்கும், கை மறக்கும். சியாட்டிலில் இ.எம்.டி. பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்கள் முதலில் ஓட, எண்ணிக்கையில் குறைந்த பாராமெடிக்குகள் உயிராபத்தான அழைப்புகளுக்கு இரண்டிரண்டு பேராகப் போகிறார்கள். நான் அந்தக் கட்சி.

உடம்புக் கணக்கையும் மறக்க வேண்டாம். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை 2022இல் தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது. ஆம்புலன்ஸ்காரர்களுக்கு இடுப்பும் தூக்கமும் போகும். எது தேவலை என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை.

அக்கா மகனுக்குச் சொன்னது

நம் வீடுகளில் இ.எம்.டி. என்றால் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்துக்குப் போடும் நகை. அதையே பிழைப்பாக எடுக்கிறேன் என்றால் வீடு தாங்காது. அக்கா என்னிடம் கேட்டது: "ஆம்புலன்ஸ் ஓட்டவாடா இவ்வளவு படிக்க வச்சோம்?" வண்டி ஓட்டுவது வேலையில் பாதிகூட இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

அவனுக்கு நான் சொன்னது இதுதான். முதலில் இ.எம்.டி. மட்டும் படி. எந்த வாசலுக்கும் அது வீண் போகாது, பிடிக்கவில்லை என்றால் ஒரு செமஸ்டரோடு போகும். ஒரு வருடம் எங்காவது இ.எம்.டி.யாக வேலை பார். பாராமெடிக் படிப்பில் சேர்வதற்கு முன், நீ குடியிருக்க நினைக்கிற ஊரில் 911 ஆம்புலன்ஸ் யாருடையது என்று பார். தீயணைப்புத் துறையுடையது என்றால், நிலையத்துக்கே போய் அங்கிருக்கும் பாராமெடிக்கிடம் மூன்று கேள்வி கேள்: ஆம்புலன்சிலிருந்து தீயணைப்பு வண்டிக்கு மாற எத்தனை வருடம் ஆகும், லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க விடுவார்களா, நேற்று ராத்திரி எத்தனை முறை எழுந்தீர்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் சிரித்தால், எப்படிச் சிரிக்கிறார் என்று கவனி.

அவன் குடியிருக்கும் ஊரில் தீயணைப்புத் துறையின் ஆம்புலன்சில் கூடவே போய்ப் பார்க்கும் 'ரைட்-அலாங்'குக்கு அனுமதி வாங்கிவிட்டான். வரும் வெள்ளி, ராத்திரி ஷிஃப்ட். ஷூ எது போடுவது என்று நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தான். சீக்கிரம் கழுவக்கூடியதாகப் போடு என்றேன்.