பாங்காக்கில் பணம் எடுப்பது: ஏடிஎம்மா, நாணய மாற்றுக் கடையா?

தாய்லாந்து ஏடிஎம் இயந்திரங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, ஆங்கிலத்தில் வழிகாட்டுகின்றன, தொல்லையின்றிப் பணம் தருகின்றன. ஆனால் வெளிநாட்டு அட்டையைச் செருகினால், எவ்வளவு எடுத்தாலும், முறைக்கு 220 பாட் (பாட் என்பது தாய்லாந்து நாணயம்) அல்லது அதற்கு மேல் கட்டணம் பிடித்துக்கொள்கின்றன. 2,000 பாட் எடுப்பவருக்கு 220 பாட் என்பது 11 விழுக்காடு. 20,000 பாட் எடுப்பவருக்கோ 1.1 விழுக்காடுதான். ஆகவே ஊரில் செய்வதுபோல அவ்வப்போது சிறிது சிறிதாக எடுக்கும் வழக்கம் இங்கே கட்டுப்படியாகாது. வணிக வளாகங்களில் உள்ள ஏயான் (Aeon) நிறுவனத்தின் ஏடிஎம் இயந்திரங்கள் நெடுங்காலம் 150 பாட் மட்டுமே வாங்கி வந்தன. வழியில் தென்பட்டால் பயன்படுத்தலாம், அதற்கென்று டாக்சி பிடித்துப் போவதில் பொருளில்லை.

இந்தக் கட்டணமாவது முன்கூட்டியே திரையில் அறிவிக்கப்படுகிறது. எனக்கு உடன்பாடில்லாதது அதை அடுத்து வரும் திரை. 'உங்கள் கணக்கில் இத்தனை ரூபாய் கழிக்கப்படும், சம்மதமா?' என்று கேட்கும் அந்தத் திரையில் சொல்லப்படும் மாற்று விகிதம் இயந்திரத்தின் பின்னால் இருப்பவர்கள் தாமே வைத்துக்கொண்டது. சந்தை விலையைவிட நமக்குப் பாதகமானது. மறுத்தால் பணமே வராது என்று அஞ்சிப் பலர் சம்மதித்துவிடுகிறார்கள். உண்மையில் மறுத்தாலும் பணம் வரும். கணக்கு பாட்டிலேயே பதிவாகி, விசா அல்லது மாஸ்டர்கார்டின் விகிதத்தில் ரூபாயாக மாறும்.

இதற்குமேல் நம் வங்கியின் பங்கும் உண்டு. இந்திய அட்டைகள் பலவற்றில் அந்நியச் செலாவணிக்கென 3.5 விழுக்காடும், அதன்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்து 4.13 விழுக்காடு ஆகிறது. 20,000 பாட்டுக்கு 826 பாட். அதாவது எல்லோரும் திட்டித் தீர்க்கும் 220 பாட்டைவிட, யாரும் பேசாத இந்தத் தொகை ஏறக்குறைய நான்கு மடங்கு. இந்தக் கூடுதல் கட்டணம் இல்லாத அட்டையை வாங்கிக்கொண்டு புறப்படுவது நல்லது. ஏடிஎம் கட்டணம் மட்டும் அதிலும் தப்பாது. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கவே வேண்டாம், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு முடக்கப்பட்டே வருவதால், அதை வங்கிச் செயலியில் புறப்படும் முன்பே திறந்துவிட வேண்டும்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், சுவர்ணபூமி விமான நிலையத்தின் அடித்தளத்தில், நகர ரயில் ஏறும் இடத்தருகே உள்ள சூப்பர்ரிச் போன்ற நாணய மாற்றுக் கடைகளுக்கே என் முதலிடம். வருகைக் கூடத்து வங்கிக் கவுன்ட்டர்களைவிட இங்கே விகிதம் தெளிவாக மேல். தனிக் கமிஷனும் இல்லை. பாஸ்போர்ட் கேட்பார்கள். 100 டாலர் நோட்டுக்குச் சிறு நோட்டுகளைவிடக் கூடுதல் விலை கிடைக்கும் என்பதால், சென்னையில் டாலர் வாங்கும்போதே மடிப்பு, கிறுக்கல் இல்லாத 100 டாலர் நோட்டுகளாகக் கேட்டு வாங்க வேண்டும். ரூபாய் நோட்டை அங்கே மாற்றுவது நட்டம்.

கையிருப்பு தீர்ந்து ஏடிஎம்முக்குப் போக நேர்ந்தால், வங்கிக் கிளையை ஒட்டிய இயந்திரத்தில், கிளை திறந்திருக்கும் நேரத்தில் எடுப்பது உத்தமம். தாய்லாந்து இயந்திரங்கள் பல பணத்தை முதலில் தந்து, அட்டையைப் பிறகே வெளியே தள்ளுகின்றன. நோட்டை எண்ணிக்கொண்டே நகர்ந்துவிட்டால் அட்டை உள்ளே போய்விடும்.