வேலை மாறுவதா என்று கேட்கப் போன ஒரு சனிக்கிழமை: 4,500 ரூபா ஆலோசனை பற்றி

ஏ.சி.சி.ஏ. என்ற பிரித்தானியக் கணக்காளர் தகைமையின் கடைசிப் பாடம் 53 புள்ளியுடன் சரிவந்தது 2025 ஜூலை நடுப்பகுதியில். 13 பாடங்கள். 2022இல் ரூபா விழுந்தபோது, பிரித்தானியப் பவுணில் கட்டவேண்டிய பரீட்சைக் கட்டணத்துக்காக அம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. அது இன்னும் அங்கேதான். ஆகவே "இனி நல்ல கொம்பனியொண்டுக்கு மாறு பிள்ளை" என்று அம்மா சொன்னபோது எனக்கும் வேறு யோசனை இருக்கவில்லை. ஒரு ஆட்சேர்ப்பு நிலையத்துக்கு சீ.வி. அனுப்பினேன். பத்து நாளில் கொழும்புக்குப் பக்கத்தில் ராஜகிரியவில் ஒரு வேலை கிடைத்தது: மாதம் 235,000 ரூபா, செப்டெம்பர் 1 தொடக்கம். இப்போது நான் எடுப்பது 150,000. அந்த நிலையத்துப் பெண் இரண்டு நாளுக்குள் பதில் வேண்டும் என்றார். கேட்ட எந்தக் கேள்விக்கும் "அதையெல்லாம் சேர்ந்த பிறகு பார்க்கலாம்" என்பதுதான் பதில்.

அந்த இரண்டு நாளுக்குள் ஒரு சனிக்கிழமை வந்ததால்தான் வேலை பற்றி ஆலோசனை சொல்லும் ஒரு ஐயாவிடம் போக முடிந்தது. பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. நிதி முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடிவீட்டின் முன்னறையில் சனிக்கிழமைகளில் மட்டும் ஆட்களைப் பார்க்கிறார். தெரிந்தவர் சொல்லி அனுப்பினால்தான் நேரம் தருவார். ஒரு மணித்தியாலத்துக்கு 4,500 ரூபா.

நான் என் கனவுகளைச் சொல்லத் தயாராகப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பிள்ளை, இப்ப இருக்கிற இடத்தில எண்டைக்குச் சேர்ந்தனீர்?"

2020 டிசம்பர் 1.

கல்குலேட்டரை எடுத்தார். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், விட்டுப் போகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. இலங்கையின் 1983ஆம் ஆண்டுச் சட்டம். நான் பரீட்சையில் படித்து எழுதிய விஷயம் இல்லைதான், ஆனால் வருட முடிவில் மற்றவர்களுக்கு இந்த ஒதுக்கத்தைக் கணக்கில் போடுபவளே நான். எனக்கென்று ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை. 75,000 தர 5, 375,000 ரூபா. நவம்பர் முடியும்வரை இருந்தால் கிடைக்கும், செப்டெம்பரில் போனால் ஒரு சதமும் இல்லை.

பிறகு புதிய கடிதத்தை வரி வரியாக வாசித்தார். 235,000இல் 45,000 இலக்கை அடைந்தால் மட்டும் தரும் ஊக்கத்தொகை. அதை வெட்டினார். மிச்சம் 190,000, அதிலும் அடிப்படைச் சம்பளம் 110,000தான், மற்றதெல்லாம் படிகள். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி போடும் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் அந்த 110,000க்கு மட்டும் என்று கடிதத்திலேயே இருந்தது: மாதம் 16,500. இப்போது எனக்கு 150,000 முழுவதற்கும் போடுகிறார்கள், 22,500. வருமான வரி 2025 ஏப்ரல் தொடக்கம் மாதம் 150,000 வரை இல்லை என்பதால் இன்று நான் கட்டுவதில்லை. அங்கே மேலதிக 40,000க்கு 6 வீதம், 2,400. எல்லாம் கூட்டிக் கழித்ததில், 85,000 கூட என்று நான் நினைத்திருந்தது 31,600 ஆக வந்து நின்றது. செப்டெம்பர் தொடக்கம் மூன்று மாதத்துக்கு 94,800. அதற்காக 375,000ஐ விடப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எனக்கு அந்த 4,500 ரூபாவைத் திருப்பித் தந்தது பணக் கணக்கு இல்லை. "பாடம் முடிஞ்சுது, சரி. மெம்பராகியிட்டீரோ?" என்று கேட்டார். இல்லை. பரீட்சை பாஸ் பண்ணினவுடன் ஏ.சி.சி.ஏ. உறுப்பினராக முடியாது, 36 மாத வேலை அனுபவமும், வேலையில் செய்துகாட்ட வேண்டிய ஒன்பது செயற்றிறன் குறிக்கோள்களுக்குத் தகுதிபெற்ற கணக்காளர் ஒருவரின் ஒப்பமும் வேண்டும். எனக்கு மாதங்கள் தாராளமாக இருந்தன, ஒப்பம் ஆறுதான். மூன்று மிச்சம். எங்கள் சேர் பட்டயக் கணக்காளர், கேட்டால் ஒப்பமிடுவார், கேட்கத்தான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். ராஜகிரிய வேலையோ இங்கிலாந்துக் கொம்பனியொன்றின் வழங்குநர்களின் விலைப்பட்டியல்களைப் பதிந்து பணம் செலுத்துவது மட்டும், அந்த நாட்டு நேரத்துக்கு, பின்னேரம் ஒன்றரை தொடக்கம் இரவு பத்தரை வரை. அங்கே பாதீடு இல்லை, வரி இல்லை, முகாமைக்கு அறிக்கை எழுதுவது இல்லை. மிஞ்சிய மூன்றும் அப்படியே கிடந்திருக்கும். "அங்க என்ன வேலை செய்யப் போறீர் எண்டு சம்பளத்துக்கு முதல் கேட்டிருக்க வேணும்" என்றார். குரலில் கண்டிப்பு இருந்தது. எனக்கு அது தேவைப்பட்டது.

குறைகளும் உண்டு. எழுத்தில் ஒன்றும் தரமாட்டார், நீங்களேதான் குறிப்பெடுக்க வேண்டும். தொலைபேசி வந்தால் எடுத்துப் பேசுகிறார். என் மணித்தியாலத்தில் பத்து நிமிடம் அப்படிப் போனது, அதற்கு மேலதிக நேரமும் தரவில்லை. வெளிநாட்டு வேலை பற்றிக் கேட்டேன், தனக்கு அது சரிவராது என்று சொல்லிவிட்டார். அவுஸ்திரேலியா, வளைகுடா என்று யோசிப்பவர்களுக்கு இது இடமில்லை. மாறு, மாறாதே என்று ஒரு முடிவைச் சொல்வாரென்று எதிர்பார்த்தும் போகவேண்டாம். நான் மூன்றுதரம் கேட்டேன். மூன்றுதரமும் கல்குலேட்டரை என் பக்கம் தள்ளினார்.

போவதென்றால் நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, புதிய இடத்தின் கடிதம் மூன்றையும் கொண்டுபோங்கள். நான் சம்பளச் சீட்டைக் கொண்டுபோகாததால் தொலைபேசியில் தேடியே ஐந்து நிமிடம் போனது.

ராஜகிரியவுக்கு ஞாயிற்றுக்கிழமையே வரவில்லையென்று எழுதிவிட்டேன். அம்மாவுக்கு இரண்டு நாள் கோபம். பணிக்கொடைக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன், காப்பு மீட்கும் தொகையையும் அதன் கீழே எழுதினேன். திங்கள் காலை புறக்கோட்டையில் பஸ்ஸால் இறங்கி நேரே சேரின் அறைக்குள் போய், பாடம் முடிந்ததையும் மூன்று ஒப்பம் மிச்சமிருப்பதையும் சொன்னேன். அடுத்த வருடப் பாதீட்டுக் கோப்பைத் தூக்கி என் கையில் தந்து, வெள்ளிக்கிழமைக்குள் முதல் வரைபு வேண்டும் என்றார்.