மனநலப் படிப்புக்குப் போட்ட பணம் திரும்பி வந்ததா? குடியாத்தத்திலிருந்து ஒரு கணக்கு

போன மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி வந்து, "அக்கா, நானும் சைக்காலஜி எடுக்கலாமா? சம்பளம் வருமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நான் எம்.எஸ்சி. உளவியல் முடித்தது 2016இல், எம்.பில். கிளினிக்கல் சைக்காலஜி (மருத்துவ உளவியல்) முடித்தது 2020இல்.

வேலூர்ப் பக்கம் மனநலம் என்றாலே 'பாகாயம்'தான். சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் அங்கே இருப்பதால் ஊர்ப்பெயரே அந்த அர்த்தத்துக்கு வந்துவிட்டது. லுங்கித் தறியில் உட்கார்ந்திருந்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான், "பாகாயத்துப் படிப்பா? அதுக்கு எத்தினி வருஷம்டி?" என்றாள்.

முதலில் செலவு. எம்.எஸ்சி. இரண்டு வருஷக் கட்டணம் 70,000 ரூபாய், அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டியது. எம்.பில். வெளியூரில், கட்டணம் 2,60,000, அறை வாடகையும் சாப்பாடும் சேர்த்து 1,80,000. ஆக 5,10,000. நான் முதலில் இதோடு கணக்கை மூடிவிட்டேன். அது தப்பு. எம்.பில்.லுக்காக மாதம் 9,000 ரூபாய் வேலையை விட்டேனே, அந்த 24 மாதச் சம்பளம் 2,16,000. அதையும் சேர்த்தால் ஏழே கால் லட்சத்துக்கு மேல்.

எம்.பில்.லுக்கு வங்கியில் வாங்கியது 3 லட்சம். நான்கு லட்சம் வரை கல்விக் கடனுக்கு அடமானம் கேட்க மாட்டார்கள், அப்பா கையெழுத்துப் போட்டால் போதும். படிக்கும் காலமும் அதற்கப்புறம் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்றதும் நிம்மதியாக இருந்துவிட்டேன். வட்டி மட்டும் அந்த நாட்களிலும் ஓடிக்கொண்டே இருந்தது. 2021 ஆகஸ்டிலிருந்து மாதம் 10,000 வீதம் 46 மாதம் கட்டி முடித்தபோது, வாங்கிய மூன்று லட்சம் நாலு லட்சத்து அறுபதாயிரம் ஆகியிருந்தது. படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டியிருக்கலாம்.

வெறும் எம்.எஸ்சி.யோடு இருந்த இரண்டு வருஷம் ஒரு பள்ளியில் கவுன்சிலர். பாதி நாள், வராத டீச்சருக்குப் பதிலாக வகுப்பில் நிற்கச் சொல்வார்கள். அழுதுகொண்டு வரும் பிள்ளையோடு தனியாகப் பேச ஓர் அறைகூடக் கிடையாது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

அப்போதுதான் சட்டத்தைப் படித்தேன். 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' யார் என்று வரையறுக்கிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) அங்கீகரித்த கிளினிக்கல் சைக்காலஜித் தகுதி வேண்டும்; எனக்கிருந்த வழி, முதுகலைக்கு மேல் அந்தக் கவுன்சில் அங்கீகரித்த இரண்டு வருஷ எம்.பில். முடித்ததும் கவுன்சிலில் பதிவு செய்து வாங்கும் எண்தான் எங்கள் வழக்கில் 'ஆர்.சி.ஐ. நம்பர்'. அந்த நம்பர் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

2021 ஜனவரியில் சம்பளம் 24,000, இப்போது 46,000. சாயங்காலம் காட்பாடியில் ஒரு சின்ன அறையில் தனியாகவும் பார்க்கிறேன், ஒரு முறைக்கு 600 ரூபாய். வாரத்துக்கு ஆறு பேர் வந்தால் நல்ல வாரம். ஆடிக் கிருத்திகை வாரத்தில் ஒருவரும் வர மாட்டார்கள். ஊரே ரத்தினகிரியிலும் வள்ளிமலையிலும் இருக்கும். பேருந்துக் காசு போட்டு ஆம்பூரிலிருந்து வருகிறவரிடம் 600க்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நான்கு முறை வர வேண்டியவர் இரண்டாவது முறையோடு நின்றுவிட்டால், எனக்குப் போன வருமானத்தைவிட அவருக்குப் பாதியில் நின்ற சிகிச்சைதான் பெரிய நஷ்டம்.

எந்தக் கல்லூரியும் எனக்குச் சொல்லாத ஒன்று மொழி. பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பெண்கள் பலருக்கு வீட்டில் உருது. "கப்ராஹட்" என்று ஒருவர் நெஞ்சில் கை வைத்தபோது ஆரம்பத்தில் விழித்தேன். நாம் படபடப்பு என்று சொல்வது அது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் உட்கார்ந்து ஒரு வருஷம் உருது பேசக் கற்றேன். சித்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் தெலுங்கு. செலவு எதுவும் இல்லை, ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்.

அந்தப் பெண்ணுக்கு இன்னொரு விஷயம் சொன்னேன். நான் வந்த வழி அப்படியே அவளுக்கு இருக்காது. எம்.பில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டுச் சேர்க்கை வரை விலக்கு கொடுத்தார்கள். அதனால் பணம் கட்டும் முன், "இந்தப் படிப்பை முடித்தால் ஆர்.சி.ஐ. பதிவு கிடைக்குமா?" என்று கேட்டு, கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயரைத் தன் கண்ணாலேயே பார்க்கச் சொன்னேன். பெயர் இல்லாத இடத்தில் பணம் கட்டுவதற்கு, ஒரு வருஷம் காத்திருப்பதே மேல்.

"அவ்வளவு வருஷம் தாங்குமாக்கா?" என்றாள். தவணை முடிந்த மாதம் அம்மாவின் சங்கிலியை மீட்டுக் கொடுத்தேன். அடகுக்குப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதையும் அவளிடம் மறைக்காமல் சொன்னேன்.