போக்கர் மேசை: சீட்டுப் போடும் வேலையா, போட்டி ஆட்டமா?

போக்கர் என்பது பந்தயம் வைத்து ஆடும் சீட்டாட்டம். அதில் சீட்டைப் பகிர்ந்து போடும் டீலர் ஆவதா, போட்டியில் ஆடுவதா? கோவை, ஈரோடு பக்கம் படித்து முடித்த பெண்கள் சிலர் இந்த இரண்டுக்கும் நடுவே தவிக்கிறார்கள். தமிழ்நாட்டில் காசினோ கிடையாது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் போக்கரை 2025-இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆக, இரண்டில் எதுவானாலும் கோவா போன்ற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

பணம்
டீலர்: மாதச் சம்பளம், கூடவே டிப்ஸ்.
போட்டியாளர்: நுழைவுக் கட்டணம் சொந்தக் காசு, பல மாதம் வெறுங்கையோடு திரும்பலாம். ஜெயித்ததில் 30 சதவீதம் வரி.

திறமை
டீலர்: மூன்று பேர் தங்களிடம் உள்ள மூன்று விதத் தொகையை முழுதாகப் பந்தயம் வைத்துவிட்டால், யாருக்கு எந்தக் குவியலில் பங்கு என்று அந்த நொடியே சிப்ஸை, அதாவது பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளை, பிரித்து வைக்க வேண்டும். திருப்பூர் கம்பெனிகளில் கணக்குப் பார்த்த கைக்கு இது சீக்கிரம் வசப்படும்.
போட்டியாளர்: நிகழ்தகவு, பொறுமை, எதிராளியைக் கணிக்கும் கண். பெண்ணுக்கு வராது என்பது வெறும் பேச்சு. நார்வேயின் அனெட் ஒப்ரெஸ்டாட் 2007-இல், 19 வயது நிறையும் முன்பே, உலகப் போக்கர் தொடரின் ஐரோப்பியப் பதிப்பில் முதன்மைப் போட்டியை வென்றார். அமெரிக்காவின் வனேசா செல்ப்ஸ்ட் ஆண்களும் ஆடிய போட்டிகளில் உலகப் போக்கர் தொடரின் மூன்று பட்டங்களை எடுத்தார்.

சிரமம்
இரண்டிலும் இரவு விழிப்பு, ஊர்க்காரர்களின் ஏச்சு. டீலருக்குக் கூடுதலாக, தோற்றவரின் கோபமும்.

வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டியவருக்கு டீலர் வேலையே சரி. வேறு வருமானம் இருந்து, இழந்தாலும் குடும்பம் ஆட்டம் காணாது என்பவர் போட்டிக்குப் போகலாம். நகையை அடகு வைத்து மட்டும் கட்டணம் கட்டாதீர்கள், அம்மணி.