ஆயிலா, எனாமலா, அக்ரிலிக்கா: எந்த வாஷ் எதற்கு?

வாஷ் என்பது ஒரு வகை அழுக்குத் தண்ணீர், அவ்வளவுதான். பெயின்ட்டை ஏகத்துக்கும் நீர்க்கக் கரைத்து, பிளாஸ்டிக் டேங்க், விமானம் போன்ற சிறு மாடல் மேல் விட்டால் அது பள்ளம் பார்த்து ஓடி, ரிவெட்டைச் சுற்றியும் வெல்டிங் ஓரத்திலும் தங்கி நிழல் மாதிரி நிற்கும். எதில் கரைப்பது என்பதில்தான் சண்டை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: போட்டது பிடிக்கவில்லை என்றால், துடைக்க எவ்வளவு நேரம் கிடைக்கும்?

அந்தக் கணக்கில் ஆயிலை அடிக்க ஆளில்லை. 1/35 அளவில் பச்சை நிற டி-34 சோவியத் டேங்க் ஒன்று மேசையில் இருக்கிறது என்று வையுங்கள். பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு ஆயில் பெயின்ட், கூடவே துளி கறுப்பு. வெறும் கறுப்பு மட்டும் வேண்டாம், பச்சை மேல் கரி பூசியது போல ஆகிவிடும். டியூபிலிருந்து அட்டைத் துண்டில் பிதுக்கி அரை மணி நேரம் விட்டால் ஆளிவிதை எண்ணெயை அட்டை குடித்துவிடும். இதைச் செய்யாவிட்டால் காயவும் நாளாகும், பளபளப்பும் மிஞ்சும். அப்புறம் ஒரு பங்கு பெயின்ட்டுக்குப் பத்துப் பங்கு வாடையில்லாத மினரல் ஸ்பிரிட். இன்ஜின் கிரில் மூலையில் தூரிகை நுனியை வைத்தாலே போதும், தானாக ஓடும். கால் மணி நேரம் கழித்து, ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் பக்கவாட்டுத் தகட்டில் மேலிருந்து கீழே லேசாக இழுத்தால் மழை வழிந்த தடம் வந்துவிடும். மறுநாள் கூடத் திருத்தலாம்.

ஹார்டுவேர் கடையில் போய் வெறுமனே 'தின்னர்' என்று மட்டும் கேட்காதீர்கள், பிளாஸ்டிக்கையே கரைக்கும் என்சி தின்னரைத் தந்துவிடுவார்கள். அவசரத்தில் அதைத் தொட்டு ஒரு ஃபெண்டரையே கொழகொழவென்று இளக வைத்திருக்கிறேன். கடைக்காரர் மேல் தப்பில்லை, கேட்டது நான்.

விமானம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எனாமல். ஜப்பானிய மாடல் கம்பெனி டாமியாவின் எனாமல் வாஷான பேனல் லைன் ஆக்சென்ட் கலர் 40 மி.லி. பாட்டிலில் வருகிறது, மூடியிலேயே தூரிகை, கலக்கும் வேலையே இல்லை, நன்றாகக் குலுக்கினால் சரி. தகடுகள் சேரும் கோட்டுப் பள்ளத்தில் ஓர் இடத்தில் தொட்டால் இறக்கை நெடுக ஓடுவதைப் பார்ப்பதே ஒரு சுகம். வெள்ளை ஜெட்டுக்குச் சாம்பல் நிறம் எடுங்கள்; கறுப்பு போட்டால் விமானம் மேல் கோலம் போட்டது மாதிரி இருக்கும். வழிந்ததைப் பஞ்சுக்குச்சியில் டாமியாவின் எனாமல் தின்னரான எக்ஸ்-20 தொட்டுத் துடைக்கலாம். எக்ஸ்-20ஏ அல்ல, அது அக்ரிலிக் தின்னர்! அந்த ஓர் எழுத்தில் ஏமாந்தால் அடியில் இருக்கும் அக்ரிலிக் பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும். பெயின்ட் அடிக்காத வெறும் பிளாஸ்டிக்கில், அதுவும் இறுக்கமாகச் சொருகிய மூட்டுகளில், இதைத் தாராளமாக ஊற்றினால் விரிசல் விடும். ரோபோ கிட் செய்பவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

ஆயிலோ எனாமலோ, முதலில் பளபளப்பான வார்னிஷ் (gloss coat) ஒரு பூச்சு அடித்துக் காயவிடுங்கள். பளபளப்பில்லாத மேட் பரப்பில் வாஷ் ஓடாது, மையொற்றுத் தாளில் மை ஊறுவது போல அங்கேயே பரவிக் கறையாகும்.

அக்ரிலிக் வாஷில் நாற்றம் இல்லை, தூரிகையைத் தண்ணீரில் கழுவலாம், வீட்டில் குழந்தை இருந்தாலும் பயமில்லை. சிட்டாடல் என்ற பெயின்ட் பிராண்டின் நல்ன் ஆயில் இந்த வகைதான், பெயரில் மட்டும்தான் ஆயில். ஆனால் சில நிமிடங்களில் காய்ந்துவிடும், காய்ந்த பின் துடைக்க முடியாது. தட்டையான தகட்டில் போட்டால் டீ கிளாஸ் வைத்து எடுத்த வட்டம் போல ஓரத்தில் கறை கட்டும். அதனால் டேங்க் உடம்புக்கு இதை நான் தொடுவதில்லை. மனித உருவங்களுக்கு மட்டும் இதை விட்டால் வேறு இல்லை: சட்டை மடிப்பு, பெல்ட் ஓரம், விரல் இடுக்கு எல்லாம் ஒரே பூச்சில் எழுந்து நிற்கும். கமாண்டர் பொம்மையை இப்படி முடித்துக் காயவைத்து, அவரை டேங்கின் மேல் திறப்பான ஹேட்ச்சில் உட்கார வைக்கலாம் என்று டேங்கைத் தூக்கினால், நேற்றுப் போட்ட ஆயில் இன்னும் விரலில் ஒட்டும்.